கோளாறு என் கண்ணில் இல்லை

மார்ச் 4, புதன்

இன்று மட்டும் பதினோரு தடவை செத்திருக்கிறேன். அதில் ஏழு தடவை சுட்டது யார் என்றே தெரியாது. கதவைத் திறக்கிறேன், திரை சிவப்பாகிறது, விழுந்து கிடக்கிறேன். ஹெட்போனில் சம்பந்தியம்மாவின் குரல்: "போயிட்டீங்களா சம்பந்தி?" ஏதோ நான் ஊருக்குக் கிளம்பிப் போனதை விசாரிக்கிற மாதிரி.

ஆட்டம் முடிந்ததும் மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை மட்டும் லைனில் நிறுத்திக்கொண்டார். அவர் என் மகளின் மாமியார். எங்கள் ஐவர் டீமுக்குக் கேப்டனும் அவர்தான். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்தவர் என்பதால், ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற குரல் ஒன்று அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும். அதை எடுத்தார். இருபத்தொன்பதாம் தேதி அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான போட்டி. இருபத்தைந்துக்குள் ஐந்து பெயர் கொடுத்தாக வேண்டும். சமூகக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பல் டாக்டர் ரொம்ப நன்றாகச் சுடுகிறாராம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. வயசானா கண்ணு முன்ன மாதிரி இருக்காது. வெளிய உக்காந்து பாத்தாலும் நீங்க நம்ம டீம்தான்."

தப்பா எடுத்துக்காம வேற எப்படி எடுத்துக்கறதாம்? என்னைவிட மூன்று மாதம் மூத்தவர் அவர். மகள் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்றே, தாளில் அவர் பிறந்த தேதியைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அதுவும் யாருடைய கண்ணை? துணி மில்லில் முப்பத்தொரு வருஷம் சோதனை மேஜையில் நின்றவள் நான். நிமிஷத்துக்கு இருபது மீட்டர் துணி ஓடும். ஊடை ஒரு இழை விட்டுப்போயிருந்தால் பிடிப்பேன், எண்ணெய்ப் புள்ளி கடுகளவு இருந்தாலும் பிடிப்பேன், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். என் மேஜையைத் தாண்டிப் போன துணி ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை.

லாரிக்காரர் ஆட்டத்தின் நடுவிலேயே தூங்குகிறார். குறட்டை எல்லார் காதிலும் கேட்கிறது. இரட்டைச் சகோதரிகள் ஒரே சந்துக்குள் ஒன்றாகப் போய் ஒரே குண்டில் சாகிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு என் கண்ணைச் சொல்கிறார்.

மார்ச் 5, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். மானிட்டர்.

காலையிலிருந்து படித்தேன். இந்த விளையாட்டையும் எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஆளில்லாத பயிற்சி மைதானத்தில் ஒரு மாதம் சுவரைச் சுட்டுச் சுட்டுத்தான் பழகினேன். இதையும் அப்படியே பிடித்துவிட்டேன்.

மானிட்டரில் படம் ஓடுவது என்று நாம் நினைக்கிறோம். ஓடுவதில்லை. நின்ற படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது. என்னுடையது ஒரு செகண்டுக்கு அறுபது காட்டும். அதைத்தான் அறுபது ஹெர்ட்ஸ் என்கிறார்கள். அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட பதினேழு மில்லி செகண்டு நான் குருடு. இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நாலு மில்லி செகண்டுதான்.

என் கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர். மகன் வேலை கிடைத்துப் போனபோது விட்டுவிட்டுப் போனது. அது ஒரு செகண்டுக்கு முந்நூறு படம் தயாரிப்பதாக மூலையில் எண் காட்டுகிறது. மானிட்டர் அறுபதைக் காட்டுகிறது. மீதி இருநூற்று நாற்பது படம் எங்கே? எனக்கு வரவேண்டியதை யார் வாங்கிக்கொண்டது? அந்த இருநூற்று நாற்பதில் ஒளிந்துகொண்டுதான் அவன்கள் என்னைச் சுட்டிருக்கிறான்கள்.

மில்லிலும் இதே கதை நடந்தது. புது டியூப் லைட் போட்டார்கள். துணி ஓடாமல் குதிக்கிறது என்று சொன்னேன். "வீட்டுல தூங்கினியாம்மா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். ஆறு வாரம் சண்டை போட்டேன். கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, அந்த லைட் செகண்டுக்கு நூறு தடவை அணைந்து அணைந்து எரிகிறது, ஓடுகிற துணிமேல் பட்டால் அப்படித்தான் தெரியும் என்றார். லைட்டை மாற்றினார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. நானும் மறக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மகனிடம் போனில் சொன்னேன். மனுஷக் கண் அறுபதுக்கு மேல் பார்க்காதாம்.

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்கம்மா."

"அந்த எல்லாரும் எந்த மில்லுல வேலை பாத்தாங்க?"

மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான். பதில் இல்லாதபோதெல்லாம் அவனுக்கு மீட்டிங் இருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

கடைக்குப் போய் வந்தேன். என் வீட்டுக்காரரையும் கூட்டிப் போனேன். தப்பு.

கடைக்காரர் என்னை வரவேற்ற முதல் வார்த்தை: "பேரனுக்காம்மா?"

எனக்கு என்றேன். சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உடனே எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிகிற மானிட்டர் ஒன்று இருக்கிறது, கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று ஆரம்பித்தார். எனக்கு இதம் வேண்டாம், இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ் வேண்டும் என்றேன். வேறு ஒரு ஆளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

சுவரில் பத்து மானிட்டர் வரிசையாக மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே கடல், ஒரே மீன் கூட்டம். இவர் அங்கேயே நின்றுவிட்டார். வீட்டில் இருக்கிற மீன் தொட்டி போதாதென்று கடையிலும் மீன். கடைக்காரர் கடைசி மானிட்டரைக் காட்டி, "இதான் இருநூத்தி நாப்பது. பாருங்க எவ்ளோ ஸ்மூத்தா நீந்துது" என்றார். முதல் மானிட்டரையும் பார்த்தேன். இரண்டு மீனும் ஒரே மாதிரிதான் நீந்தின.

எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டால் விடமாட்டேன். மேஜையைச் சுற்றிப் பின்னால் போய்க் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தேன். பத்துக் கேபிளும் ஒரே சின்னப் பெட்டியில் போய் முடிந்தன. ஒரு பெட்டி, ஒரே படம், பத்துக்கும் பங்கு. பெட்டி அறுபது அனுப்பினால் அறுபதுதானே வரும்? எந்த மானிட்டராக இருந்தால் என்ன?

"உள்ள வர்றது அறுபதுன்னா வெளிய எப்படிங்க இருநூத்தி நாப்பது தெரியும்?"

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல யாருமே பின்னாடி போனதில்லைம்மா" என்றார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

மார்ச் 9, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். இருபத்துநாலு அங்குலம், நேரான திரை, இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ்.

இவர் முப்பத்திரண்டு அங்குலம் வாங்கு, செய்தியும் பார்க்கலாம் என்கிறார். அவ்வளவு பெரிதானால் மூலையில் வருகிறவனைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும், திருப்புவதற்குள் நான் பிணம். வளைந்த திரை வேண்டாம். வளைவு பார்க்க அழகுதான், நான் அழகு பார்க்க வாங்கவில்லை. நாலு மடங்கு நுணுக்கமான படம் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் வேண்டாம். அத்தனை புள்ளிகளைத் தயாரிக்கப்போனால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும், படம் குறையும். இருட்டான இடங்களில் படம் இழுத்துக்கொண்டே போகிற வகை ஒன்று உண்டு, தரையைத் துடைத்த ஈரத் தடம் மாதிரி. அதையும் தள்ளினேன்.

"இருக்கறதே நல்லாத்தானே தெரியுது?" என்றார் இவர். இவருக்கு எல்லாமே நன்றாகத்தான் தெரியும். முப்பது வருஷமாக மீன் தொட்டியையே பார்க்கிறவர்.

மார்ச் 11, புதன்

மத்தியானம் வந்துவிட்டது. நானே மாட்டினேன். கூட ஒரு புத்தகம், பதினெட்டு மொழியில். பதினெட்டிலும் சொல்லியிருப்பது ஒன்றுதான்: ஈரக் கையால் தொடாதே.

பெட்டிக்குள் தடியாக ஒரு புதுக் கேபிள் சுருட்டி வைத்திருந்தார்கள். பழைய கேபிள் ஏற்கெனவே மேஜைக்குப் பின்னால், மீன் தொட்டி ஸ்டாண்டுக்கு நடுவில் நுழைந்து வந்து ஒழுங்காக இருக்கிறது. ஒன்பது வருஷமாக ஒரு குறை இல்லை. நல்ல கேபிளை எதற்குப் பிடுங்க வேண்டும்? அதையே சொருகினேன். படம் வந்துவிட்டது.

சாயங்காலம் ஆட்டம். பன்னிரண்டு பேரைச் சுட்டேன். ஆறே தடவைதான் செத்தேன்.

மார்ச் 12, வியாழன்

எப்படிச் சொல்வது? கண்ணில் இருந்த படலத்தை உரித்தெடுத்தது மாதிரி இருக்கிறது. தண்ணீர் மாதிரி ஓடுகிறது. இத்தனை நாள் அழுக்குக் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சண்டை போட்டிருக்கிறேன், இப்போது ஜன்னலே இல்லை. எதிரியின் தோள் அசைவதே தனியாகத் தெரிகிறது. அறுபதுக்கும் இருநூற்று நாற்பதுக்கும் வித்தியாசம் தெரியாது என்கிறவர்கள் கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் டீம் குரூப்பிலும் எழுதிப் போட்டேன். நேற்று மாட்டினேன் என்பதிலிருந்து ஆரம்பித்து, கணக்கோடு. லாரிக்காரர் கைகூப்பும் படம் போட்டார். இரட்டையர்கள் ஆளுக்கொரு பூ. பல் டாக்டர் "வாழ்த்துக்கள் மேடம்". சம்பந்தியம்மா ஒரு கட்டைவிரல். ஒரே ஒரு கட்டைவிரல்.

மார்ச் 14, சனி

பதின்மூன்று பேர். சம்பந்தியம்மாவே வாயைத் திறந்து, "இன்னைக்கு நல்லாருந்துச்சு சம்பந்தி" என்றார். கோளாறு மானிட்டரில்தான் இருந்தது, கண்ணில் இல்லை என்று நயமாக விளக்கினேன். லாரிக்காரர் விழித்துக்கொண்டு தானும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். அவருக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். பாதியிலேயே குறட்டை.

மகனுக்கும் போன் போட்டேன். "அறுபதுக்கு மேல நல்லாவே தெரியுதுடா" என்றேன். சரிம்மா என்றான். இன்று மீட்டிங்கும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சாப்பாடு முடிந்ததும், "எங்க அத்தை, அந்தப் புது மானிட்டரைக் காட்டுங்க" என்று அவரே கேட்டார். உட்கார வைத்தேன். சுட்டிக் காட்டி எல்லாம் விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே மவுஸை எடுத்து எதையோ திறந்தார். ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தார். விருந்துக்குப் போன வீட்டில் தட்டில் முடியைக் கண்டுவிட்டு, வீட்டுக்காரி எதிரிலேயே நிற்கிறாள் என்பதையும் கண்டவர் முகம் இருக்குமே, அந்த முகம்.

"அத்தை, கேபிள் பழசுங்களா?"

"பழசுதான் மாப்பிள்ளை. நல்ல கேபிள்."

"சரிங்க அத்தை."

திறந்ததை மூடிவிட்டு எழுந்தார். அப்புறம் மீன் தொட்டி முன்னால் போய் நின்று, மீன் எல்லாம் ரொம்ப ஆரோக்கியமாக இருக்கிறது என்று இவரிடம் சொன்னார். இவருக்கு வாயெல்லாம் பல். அரை மணி நேரம் மீன் பேச்சு.

மார்ச் 16, திங்கள்

எட்டு வருஷத்தில் அந்த மனுஷன் மீனைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மார்ச் 18, புதன்

எட்டுப் பேர்தான். பத்துத் தடவை செத்தேன். பல் டாக்டர் இன்று லாரிக்காரருக்குப் பதிலாக ஆடினார். இருபத்தொரு பேரைச் சுட்டார். ஒவ்வொருவரைச் சுடும்போதும் மெதுவாக, "ஆச்சு, அவ்வளவுதான்" என்கிறார். பல்லைப் பிடுங்கினபோது சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கும்.

நெட் சரியில்லை என்று சொல்லி வைத்தேன். சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம். இருபத்தைந்துக்கு இன்னும் ஏழு நாள்.

மார்ச் 19, வியாழன்

தூசி துடைத்தேன். மானிட்டருக்கு அடியில் சின்னதாக ஒரு குமிழ் இருக்கிறது, துணி அதில் பட்டது. திரை மூலையில் ஒரு பெட்டி திறந்தது. அதில் இரண்டு மூன்று எண்கள். கடைசி எண் 60.

அறுபது.

முதலில் அது வேறு ஏதோ அறுபது என்று நினைத்தேன். வெளிச்சமாக இருக்கும், சத்தமாக இருக்கும். உட்கார்ந்து படித்தேன். இல்லை. அதே அறுபதுதான். மானிட்டர் இருநூற்று நாற்பது காட்டத் தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கேபிளால் அவ்வளவு படத்தைக் கொண்டுவர முடியாது. கேபிளை மாற்றினாலும் கம்ப்யூட்டருக்குள் போய் நாமே இருநூற்று நாற்பது என்று தேர்ந்தெடுத்தால்தான் மாறும். சொல்லாவிட்டால் அது பாட்டுக்கு அறுபதிலேயே கிடக்கும்.

எட்டு நாளா. எட்டு நாளா அதே அறுபதைப் பாத்துட்டுத் தண்ணி மாதிரி ஓடுது, ஜன்னலே இல்லைன்னு எழுதியிருக்கேன். கண் டாக்டர்கிட்ட போங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன். தோள் அசையறது தனியாத் தெரியுதாம் — எங்க தெரிஞ்சுது? கடையில பத்து மானிட்டருக்குப் பின்னாடி போய்க் கேபிளைப் பிடிச்சுப் பாத்தவ, வீட்டுல ஒரு கேபிளைப் பாக்கல.

மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் மீனு.

பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று கை போனது. கிழிக்கவில்லை. ஒட்டின ஸ்டிக்கரைப் பிய்க்கக்கூடாது என்பது மில்லில் சட்டம். பிய்த்தவளை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் நான் சொல்லித்தான். அப்படியே கிடக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

காலையில் இவரிடம் மீன் தொட்டியை நகர்த்தச் சொன்னேன். எதற்கு என்றார். பெருக்க வேண்டும் என்றேன். பழைய கேபிளைப் பிடுங்கிவிட்டுத் தடிக் கேபிளைச் சொருகினேன். உள்ளே போய்ப் பட்டியலைத் திறந்தேன். அறுபதுக்குக் கீழே வரிசையாக நூறு, நூற்று நாற்பத்துநாலு, இருநூற்று நாற்பது. கடைசியை அழுத்தினேன்.

திரை ஒரு தடவை கறுத்துத் திரும்ப வந்தது.

மவுஸை அசைத்தேன். அவ்வளவுதான் செய்தேன், அந்தச் சின்ன அம்புக்குறியை இடமிருந்து வலம். அது போனது. முன்னெல்லாம் இங்கே இருக்கும், அப்புறம் அங்கே இருக்கும். இப்போது இங்கிருந்து அங்கே போகிறது. போகிற வழியெல்லாம் இருக்கிறது. கால் மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

இதை எப்படி எழுதுவது என்று பார்த்தால் எழுத ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீரைப் பன்னிரண்டாம் தேதியே செலவழித்துவிட்டேன். ஜன்னலும் போய்விட்டது. குரூப்பில் போடவும் முடியாது. இவரைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, எப்படிப் போகுதுன்னு" என்றேன். குனிந்து பார்த்தார்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்ன" என்றார்.

மார்ச் 21, சனி

ஏழு பேர். பன்னிரண்டு சாவு.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. அறுபதில் பதின்மூன்று பேரைச் சுட்டவள், இருநூற்று நாற்பதில் ஏழு பேர். ஆனால் ஒரு வித்தியாசம். இன்று செத்த பன்னிரண்டு தடவையும் யார் சுட்டது, எங்கிருந்து சுட்டான், எந்தத் தோளை முதலில் நீட்டினான் என்று எனக்குத் தெரியும். வந்துட்டான் என்று கண் சொல்கிறது. கை சரி என்கிறது. சரி என்று சொல்லி முடிப்பதற்குள் நான் விழுந்துவிட்டேன்.

மவுஸ் பழசு. மவுஸைப் பார்க்க வேண்டும்.

இல்லை. மவுஸ் இல்லை. மானிட்டர் ஆயிற்று, கேபிள் ஆயிற்று. கை. கைதான். வலது கட்டைவிரல் மூட்டு காலையில் மடங்கவே பத்து நிமிஷம் ஆகிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிடமும்தான்.

இன்னொன்றும் நடந்தது. நான் செத்துக் கிடந்தபோது சம்பந்தியம்மாவின் திரை எனக்குத் தெரியும். செத்தவர்களுக்கு அது ஒரு சலுகை. அவர் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கக் கதவிடுக்கில் ஒரு துளி நிறம் மாறியது. "சம்பந்தி, வலது, கதவு" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். மரியாதைகூடச் சேர்க்கவில்லை. திரும்பினார், சுட்டார். அவன் விழுந்தான். அப்புறம் மூன்று தடவை அதே மாதிரி.

மார்ச் 22, ஞாயிறு

சம்பந்தியம்மா போன் செய்தார். குரூப்பில் இல்லை, வீட்டு நம்பருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் அவர் தனியாக எனக்குப் போன் செய்தது இது மூன்றாவது தடவை.

நேற்று நாலு தடவை உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று ஆரம்பித்தார். ஊசிக் குரல் இல்லை. அப்புறம் விஷயத்துக்கு வந்தார். நான் சுடுவதை விட்டுவிட வேண்டுமாம். மறைவாக ஒரு இடத்தில் நின்று பார்த்து, யார் எங்கே வருகிறான் என்று மற்ற நாலு பேருக்கும் சொல்ல வேண்டுமாம்.

"சுடாம டீம்ல எதுக்குங்க நான்? வாட்ச்மேன் வேலையா?"

"எங்க யாருக்கும் நீங்க பாக்கறது தெரியல சம்பந்தி. நான் கேட்டுப் பாத்துட்டேன், பல் டாக்டருக்கும் தெரியலையாம்."

அந்த வார்த்தை கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்றார். வைக்கப் போனவர், போகிற போக்கில், "மானிட்டர் சரியாயிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

சரியாயிடுச்சா என்று.

நான் மானிட்டர் கெட்டுப்போனதாக யாரிடமும் சொல்லவில்லையே.

"முந்தாநாள் சரியாச்சு" என்றேன். "நல்லதுங்க" என்று வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஒரு வாரமாக அவருக்குத் தெரியும். குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டிருந்தால் போதும், இந்த ஜென்மத்துக்கு நான் தலை நிமிர்ந்திருக்க முடியாது. புதன்கிழமை நான் நெட் சரியில்லை என்று புளுகியபோதுகூடச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பதினைந்தாம் தேதி சாயங்காலமே சொல்லியிருப்பேன், கணக்கோடு.

ரொம்ப நேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட்ட இவரிடம் பசியில்லை என்றேன். அது நிஜம்.

மார்ச் 23, திங்கள்

நானே போன் செய்தேன். சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். நான் வலது என்றால் வலது. ஏன், எதற்கு, நிஜமாகவா என்று நடுவில் யாரும் கேட்கக்கூடாது. கேப்டனும்தான்.

பெரிய டாக்டரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர் அவர்.

"சரிங்க" என்றார்.

மார்ச் 25, புதன்

பெயர் கொடுத்தாயிற்று. சம்பந்தியம்மா, பல் டாக்டர், இரட்டையர், நான். லாரிக்காரர் வெளியில். நாங்கள் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தோம், அவர் நன்றி சொன்னார். இனி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்தே தூங்கலாமாம்.

மார்ச் 29, ஞாயிறு

முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதும். மூன்றாவதில் எதிர் டீமில் ஓய்வுபெற்ற போஸ்ட்மேன்கள் ஐந்து பேர். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிகிறது. தோற்றோம், ஆனால் ஒரே ஒரு புள்ளியில். மூன்றாம் இடம்.

நான் ஒருவரைக்கூடச் சுடவில்லை. நாள் முழுக்க ஆட்டத்துக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி மேல் படுத்துக் கிடந்தேன். இரட்டையரைப் பிரித்து வேறு வேறு சந்தில் அனுப்பினேன், அறுபத்தெட்டு வருஷத்தில் அவர்களை யாரும் பிரித்ததில்லையாம். ஒருத்தி பயந்தாள், இன்னொருத்திக்குப் பிடித்துவிட்டது. பல் டாக்டருக்கு "டாக்டர், மேல் வரிசை, இடது கடைசி" என்று சொன்னால்தான் சட்டென்று புரிகிறது.

சம்பந்தியம்மா நாற்பத்தொரு தடவை "சரிங்க" சொன்னார். ஒரு பக்கம் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு தடவை மட்டும் "ஏன்—" என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் செத்துப்போனார். "போயிட்டீங்களா சம்பந்தி?" என்று நான் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன். போன வாரமே, "எனக்கும் உங்களுது மாதிரி ஒண்ணு பாத்துக் குடுங்க சம்பந்தி" என்று கேட்டிருந்தார். மாப்பிள்ளை இருக்கிறாரே, அவரைக் கேட்கலாமே என்றேன். அவனுக்கு ஆராய்ந்து வாங்கத் தெரியாது என்றார். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டு அதை ஒத்துக்கொண்டார்.

என்னுடையதையேதான் தேர்ந்தெடுத்தேன். பெட்டியைப் பிரித்துத் தடிக் கேபிளை முதலில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் டீ போட உள்ளே போன நேரத்தில் சொருகி, பட்டியலைத் திறந்து, கடைசி எண்ணை அழுத்தி, மூடியும்விட்டேன். அடியில் இருக்கிற குமிழை அழுத்தி ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். இருநூற்று நாற்பது.

இரண்டு டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். மவுஸை இப்படியும் அப்படியும் அசைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அசைத்தார்.

"பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே சம்பந்தி."

எனக்குச் சுருக்கென்று வந்தது. கண் டாக்டர் வரை வார்த்தை வந்துவிட்டது. டீயைக் குடித்து உள்ளே அனுப்பினேன்.

"எனக்கும் முதல் எட்டு நாள் ஒண்ணும் தெரியலங்க" என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்புக்குறியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாகக் கொண்டு போனார்.

"ஒன்பது நாள்" என்றார்.

வீட்டுக்கு வந்து பக்கத்தைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். பதினொன்றிலிருந்து இருபது. ஒன்பதுதான்.